உப்பு ஏற்ற அவசரப்படுத்தாதீர்கள்

"டாக்டர், காலைக்குள்ள உப்பை ஏத்தி நார்மல் ஆக்கிடுங்க." இந்த மாதம் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டுவிட்டேன்! போன வாரம் வந்த 68 வயது அம்மாவுக்கு வேறோர் இடத்தில் அப்படித்தான் ஏற்றியிருக்கிறார்கள். ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், 106; அது ஒரே நாளில் 130. மறுநாள் எழுந்து உட்கார்ந்து பேசினாராம். ஐந்தாம் நாள் நாக்கு குழறியது. என்னிடம் வந்தபோது ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, வாயோரம் வழிந்தது.

ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து செல் வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் மூளைச் செல்கள் முதலில் பொட்டாசியத்தையும், பிறகு டாரின், குளுட்டமேட் போன்ற அமினோ அமிலங்களையும் வெளியே தள்ளும். தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். இரண்டு நாளில் செல் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். 110-லும் சிலர் நடந்து வருவது இதனால்தான்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றி நிரப்புவதுபோல இதையும் நினைக்கிறார்கள். தள்ளிய அமினோ அமிலங்களைத் திரும்ப உள்ளே இழுக்கக் கடத்திப் புரதங்கள் வேண்டும். அவற்றைச் செல் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்குப் பல நாள் ஆகும். அதற்குள் வெளியே சோடியத்தை ஏற்றினால், கையில் சரக்கில்லாத செல் தண்ணீரை இழந்து சுருங்கும். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையும். 1959-லேயே விவரிக்கப்பட்ட நோய் இது. வேகமாக ஏற்றுவதோடு அதற்குள்ள தொடர்பு பின்னால்தான் பிடிபட்டது.

அதனால் 24 மணி நேரத்தில் சோடியம் 8-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். வலிப்போ நினைவிழப்போ இருந்தால் முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 வரை வேகமாக ஏற்றுவோம், அப்புறம் நிறுத்திவிடுவோம்.

பிரஷருக்குக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சோடியத்தைக் குறைக்கக்கூடிய மாத்திரை சாப்பிடும் பெரியவர் மந்தமாக இருந்தால், தள்ளாடினால், "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். அன்றே சோடியம் பாருங்கள். உடம்புக்கு நல்லது என்று அவர்களைத் தினமும் நாலைந்து லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மாத்திரை அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.

ஐ.சி.யூ. வாசலில் "இன்னும் ஏறலையா?" என்று கேட்க வேண்டாம். "நேற்றிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று கேளுங்கள். ஆறு, ஏழு என்றால், தயவுசெய்து பொறுத்திருங்கள்.