ஈமச் சிற்பம்

"இறுதிச் சடங்கு சிங்கம்". ஓர் ஆவணப்படத்தின் தமிழ் சப்டைட்டிலில் நேற்று மறுபடியும் இதைப் படித்தேன். எத்தனையாவது முறையோ!

திரையில் இருந்தது ஸ்காட்லாந்தின் கிராமண்ட் பெண்சிங்கம். 1997இல் ஆல்மண்ட் ஆற்று முகத்துவாரச் சேற்றில் ஒரு படகோட்டியின் கண்ணில் பட்ட ரோமானியர் காலச் சிலை. சுமார் ஒன்றரை மீட்டர் நீள மணற்கல். தாடி வைத்த கைதி ஒருவனின் மண்டையில் சிங்கம் பல்லைப் பதித்திருக்கிறது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு பாம்புகள் எட்டிப் பார்க்கின்றன. பெரிய ஆள் ஒருவரின் கல்லறைமேல் நின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

'ஃப்யூனரரி' (funerary) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் 'இறுதிச் சடங்கு' என்று பெயர்த்திருக்கிறார்கள். அதற்கு வேர் லத்தீனின் ஃபூனுஸ். சாவு, பிணம், அடக்கம், ஊர்வலம் எல்லாமே அதில் அடங்கும். அதில் சடங்கை மட்டும் பிய்த்து எடுத்து ஒட்டியதுதான் தவறு.

சடங்கு என்றால் நமக்கு நினைவு வருவது பாடை, சங்கு, கொள்ளிக்குடம். அது அன்றைக்கு நடந்து முடிந்துவிடும். இந்தச் சிங்கமோ எல்லாம் முடிந்த பிறகு, வருவோர் போவோர் பார்க்கத் தலைமுறை தலைமுறையாக நிற்கச் செதுக்கியது. சாவு மனிதனை எப்படி விழுங்குகிறது என்று சிங்கம் காட்டுகிறது. உயிர் அதோடு அழிவதில்லை என்று பாம்புகள் சொல்கின்றன. சடங்கு என்று எழுதினால், ஊர்வலத்தில் தூக்கிப் போன பொம்மை என்றுதான் படிப்பவர் நினைப்பார். போதாக்குறைக்கு 'சடங்குச் சிங்கம்' என்று ஒற்று போடவும் ஆளில்லை.

'கல்லறைச் சிற்பம்' தவறில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் நம் காதில் அது சிலுவை நட்ட தோட்டத்தையே கொண்டுவருகிறது. 'நடுகல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் போரில் விழுந்த வீரனுக்கு நட்ட கல், இங்கே பொருந்தாது.

ஈமம் இருக்கிறதே! "பெருங்காட்டுப் பண்ணிய கருங்கோட்டு ஈமம்" என்கிறது புறநானூறு 246. அங்கே அது சிதை. அப்புறம் பொருள் விரிந்து, ஈமத்தாழி, ஈமச்சின்னம் என்று நம் தொல்லியலாளர்கள் அன்றாடம் எழுதும் சொல்லாகிவிட்டது. எரிப்பதற்குத்தானே ஈமம், ரோமானியர் புதைத்தார்களே என்று கேட்கலாம். கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் பெரும்பாலும் எரித்து, சாம்பலைத் தாழியில் இட்டுத்தான் புதைத்தார்கள். ஆகவே பழைய பொருளிலும் சொல் பிசகவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியைத் திறக்கும் முன் நம் ஊர் அகழாய்வு அறிக்கை ஒன்றைப் புரட்டியிருந்தால் போதும், சொல் கையில் கிடைத்திருக்கும். 2013இல் லண்டன் மினோரீஸ் தெருவில், வாயில் பாம்பைக் கவ்விய கழுகுச் சிலை ஒன்று கிடைத்தது. அதுவும் கல்லறையில் நின்றதுதான். அதையாவது ஈமக் கழுகு என்று எழுதுங்கள்.