வெல்டிங் பகலில், கண்நோ நடுச்சாமத்தில்

"பகல் முழுக்க அண்ணை ஒட்ட ஒட்ட, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டது போல உறுத்தி எழும்பிவிட்டேன். வேலை நேரத்தில் வராத நோ படுத்த பிறகு ஏன் வருகிறது?" கோண்டாவில் பக்கம் வேலை பழகும் ஒரு வாசகரின் கேள்வி.

ஒட்டும்போது பளீரென்று சுடர்வது மின்வில். அது எரியும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். றொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள வளி அயனாகி மின்னைக் கடத்துகிறது. வெப்பநிலை 6000 பாகை செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் புறஊதாக் கதிரும் ஏராளமாக வரும். சூரியனின் புறஊதாவில் மிகக் குறுகிய அலைநீளங்களை வளிமண்டல ஓசோன் மறித்துவிடுகிறது. பட்டறையில் வில்லுக்கும் கண்ணுக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை. (ஒட்டும் இடத்தில் மூக்கில் ஏறும் நெடியில் ஓசோனும் உண்டு. இதே கதிர்தான் காற்றிலுள்ள ஒட்சிசனிலிருந்து அதை உண்டாக்குகிறது. வேண்டிய இடத்தில் இல்லாமல் மூக்குக்குள் போய் நிற்கிறது!)

சரி, கண்ணுக்கு வருவோம். கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் விழிவெண்படலத்தின் மேற்பரப்பில் ஐந்து முதல் ஏழு கல அடுக்குகள் உள்ளன; தடிப்பு ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர். அவற்றுக்கிடையே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. குறுகிய புறஊதாவை உறிஞ்சிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் படலம்தான். 270 நானோமீற்றர் அளவிலான கதிர் இதை ஆகக்கூடுதலாகத் தாக்கும்.

ஆனால் கதிர் பட்டதும் கலம் எரிந்துபோவதில்லை. எரிந்திருந்தால் உடனே நொந்திருக்கும், எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள். நடப்பது வேறு. கலத்தின் டீ.என்.ஏ. சேதமாகிறது, கலச்சவ்வில் பொற்றாசியம் வெளியேறும் வாயில்கள் நிமிடக்கணக்கில் திறந்துகொள்கின்றன. உள்ளே பொற்றாசியம் நிறைந்திருக்கும்வரை, கலத்தைச் சிதைக்கும் நொதியங்கள் அடங்கிக் கிடக்கும். அது குறையக் குறைய அவை வேலையைத் தொடங்கி, கலத்தை உள்ளிருந்தே பிரித்துப் போடுகின்றன. அவசரமில்லாத சாவு, மணிக்கணக்கில் நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் கண்ணீர். இரத்தத்தில் உள்ளதைவிடக் கண்ணீரில் பொற்றாசியச் செறிவு ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆய்வுகூடத்தில் வளர்த்த விழிவெண்படலக் கலங்களைச் சுற்றிப் பொற்றாசியத்தைக் கூட்டிவிட்டால், உள்ளிருப்பது கசிவது குறைகிறது. புறஊதாவால் சாகும் கலங்களும் குறைகின்றன. நாளாந்த வெயிலுக்கு இந்த ஏற்பாடு கைகொடுக்கலாம். வில்லுக்கு முன்னால் தாக்குப்பிடிக்காது.

ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழிய, செத்த கலங்கள் உதிரத் தொடங்கும். இமை வெட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வழித்தெடுக்கப்படும். நரம்பு முனைகள் வெளியே தெரிந்துவிடும். நடுச்சாமத்து நோ அதுதான். பிறகு அயற்கலங்கள் நகர்ந்து பரவி இடத்தை மூட, ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.

பிந்தி வருவது, தானாக மாறுவது: இந்த இரண்டும் சேர்ந்து எங்களை நன்றாக ஏமாற்றுகின்றன. பிந்தி வருவதால் பழி தூசிக்கும் நித்திரை முழிப்புக்கும் கண்ணூறுக்கும் போகிறது. தானாக மாறுவதால் பெயர் தாய்ப்பாலுக்கும் உருளைக்கிழங்குக்கும் கிடைக்கிறது. மூடிய இமைமேல் கிழங்குத் துண்டு வைத்தால் குளிரும், அவ்வளவுதான். பால் அப்படியல்ல, மேற்படலம் உரிந்த கண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோகக்கூடும். எல்லாவற்றிலும் மோசம், கண்ணை விறைக்கச் செய்யும் துளிமருந்தை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப விடுவது. நோ உடனே நிற்கும், ஆனால் காயம் ஆறாமல் புண்ணாகும். குளிர்ந்த ஈரத்துணி, இருட்டறை, பனடோல், வைத்தியர் எழுதித் தரும் மருந்து போதும். ஒரு கண் மட்டும் உறுத்தினால் கிறைண்டரில் பறந்த இரும்புத் துணிக்கையாக இருக்கலாம். அது கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கும், காத்திருக்க வேண்டாம்.

வில்லை நேரே பார்க்காதவருக்கும் ஏன் வருகிறது? கதிர் பக்கவாட்டிலும் வரும், பளபளப்பான அலுமினியத்தில் பட்டுத் தெறித்தும் வரும். கிட்ட நிற்பவருக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே போதும். முகமூடி போடாததைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முகமூடியிலுள்ள 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி ஒளியில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடும். வில் எரியும்வரை அதற்குள்ளால் எதுவும் தெரியாது. அங்கங்கே பொட்டாக ஒட்டும்போது யார்தான் ஒவ்வொரு முறையும் தூக்கி இறக்குவார்? காஸ் வேலைக்கான 5ஆம் எண் கண்ணாடியோ ஐம்பதில் ஒரு பங்கை விட்டுவிடும். அதைப் போட்டுக்கொண்டு வில்லைப் பார்ப்பது விழித்திரைக்கு ஆபத்து. தானாகக் கறுக்கும் முகமூடி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. தரமான முகமூடியில் கண்ணாடி வெளிச்சமாக இருக்கும்போதும் புறஊதா வடிகட்டி வேலை செய்துகொண்டே இருக்கும். பிடித்துக்கொண்டு நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு, பக்கம் மூடிய பொலிகாபனேற்றுக் கண்ணாடி ஒன்றும் போடலாம். நிறமே இல்லாவிட்டாலும் அது புறஊதாவை அனேகமாக முழுதாகத் தடுக்கும். வில்லைப் பார்க்க மட்டும் உதவாது.

சுயதொழில் உதவியாக வெல்டிங் இயந்திரம் கொடுப்பவர்கள் பட்டியலில் முகமூடியையும் சேர்க்கவேண்டும், பிடிப்பவருக்கும் சேர்த்து இரண்டாக. யாழ். பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடமும் உண்டு, கிளிநொச்சியில் பொறியியல் பீடமும் உண்டு. இரு பீட மாணவர்களும் ஒரு புறஊதாமானியோடு பட்டறை பட்டறையாகப் போய் அளந்தால் நல்லதொரு ஆய்வு கிடைக்கும். அதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை.