ஒரு கட்டை இறங்கினால் உயிர் பெறும் ஓபரா

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு மிகவும் பிடித்த ஓபரா (வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கும் மேடை நாடகம்) என்று பெயர் வாங்கியது 'அதீஸ்'. இசை ழான்-பதீஸ்த் லுல்லி, வரிகள் பிலிப் கினோ. 1676 ஜனவரியில் அரச மாளிகையில் அரங்கேறியது. அதீஸ் என்ற இளைஞனை ஒரு பெண் தெய்வம் காதலிக்கிறாள். அவன் மனம் வேறொருத்தியிடம். பொறாமையில் தெய்வம் அவனுக்குப் பித்தேற்ற, காதலியைத் தன் கையாலேயே கொல்கிறான். பிறகு தன்னையும் குத்திக்கொள்ள, பைன் மரமாக மாற்றப்படுகிறான்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் மேடையிலிருந்து மறைந்த இந்த ஓபராவை, லுல்லியின் 300ஆவது நினைவு ஆண்டான 1987இல் வில்லியம் கிறிஸ்டி தன் இசைக்குழுவுடன் பாரிஸின் ஓபரா கொமீக் அரங்குக்குக் கொண்டுவந்தார். இயக்குநர் ழான்-மரி வில்லெழியே பழைய மேடையை அப்படியே திரும்பக் கட்டவில்லை. தெய்வம் வானிலிருந்து இறங்கும் எந்திரங்களை ஒதுக்கிவிட்டு, துக்கம் காக்கும் அரசவை போன்ற ஒரே கூடத்தில் முழுக் கதையையும் நடத்தினார். கண்ணுக்கு எல்லாமே புதிய கற்பனை. ஆனால் காதுக்கு மட்டும் பழைய வாத்தியங்கள், பழைய வாசிப்பு முறை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பழமைப் பற்று பாதிக் காரணம்தான். மீதி, தொண்டையின் இயற்பியல்.

இன்றைய ஆர்க்கெஸ்ட்ராக்கள் சுருதி கூட்டும் 'ஏ' சுரம் நொடிக்கு 440 அதிர்வு. இது 1939இல்தான் சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. லுல்லி காலத்துப் பாரிஸ் ஓபராவில் அதே சுரம் சுமார் 392. நம் பாடகர்கள் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய ஒரு கட்டை, அதாவது சுருதியில் ஒரு முழுப் படி, கீழே. கச்சேரியில் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்வார், பக்கவாத்தியம் அவரோடு சேர்ந்துகொள்ளும். ஓபராவில் அந்தச் சலுகை கிடையாது. இசையமைப்பாளர் எழுதிய சுரத்தைத்தான் பாட வேண்டும்.

ஒரு கட்டைதானே என்று தோன்றலாம். ஆனால் சுரத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் பாடுபவரின் உடம்பு அதே உடம்புதான். குரல்நாண் எழுப்பும் ஒலியைத் தொண்டையும் வாயும் வடிகட்டுகின்றன. சில அதிர்வெண்களை வலுவாக்கி, சிலவற்றை அடக்குகின்றன. எந்த உயிரெழுத்து என்று காது அடையாளம் காண்பது இந்த வலுவான இடங்களை வைத்துத்தான். ஆண் குரலில் 'ஆ'வுக்கு முதல் வலு 700 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 700 அதிர்வு) வாக்கில் விழும், 'ஈ'க்கு 300 வாக்கில். பாடும் சுரமே 300ஐத் தாண்டிவிட்டால், 'ஈ'க்கு வேண்டிய அந்தக் கீழ்ப்பகுதியில் ஒலியே இருக்காது. எழுத்து மங்கும். சுரம் ஏற ஏறப் பாடகர் வாயைத் திறந்து சரிக்கட்டுவார், அப்போது எழுத்து இன்னும் கொஞ்சம் மாறும். வசனம் புரிவதே உயிர்நாடியான லுல்லியின் ஓபராவில் இது சின்ன இழப்பு அல்ல.

இன்னொன்று, மேலே போகப் போகக் குரல் அழுத்தமான கீழ்க்குரலிலிருந்து மெல்லிய மேல்குரலுக்குத் தடம் மாறும் இடம். ஆண்களுக்கு இது பெரும்பாலும் 300க்கும் 400க்கும் இடையில் எங்கோ இருக்கும். அதீஸ் பாத்திரம் 'ஓத்-கோந்த்ர்' என்ற உயர்ந்த ஆண் குரலுக்கு எழுதப்பட்டது. பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்துப்படி அது கள்ளக்குரல் அல்ல, இயல்பான குரலையே மேலே இலேசாக்கிக் கொண்டுபோவது. 392இல் அந்த மாற்றத்தை நழுவவிட்டபடி பேச்சுபோலப் பாடலாம். 440க்கு ஏற்றினால் அதே வரிகளில் பல இடங்கள் அந்த எல்லைக்கு மேலே போய்விடும். காதலன் கெஞ்சுவது கத்துவதாகிவிடும்.

சரி, ஒலிப்பதிவு இல்லாத காலத்துச் சுருதி எப்படித் தெரியும்? பெரிய சாட்சி புல்லாங்குழல்தான். காற்றுத்தம்பத்தின் நீளம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஒரு கட்டை இறங்க வேண்டுமானால் குழல் சுமார் 12 சதவீதம் நீளமாக வேண்டும். பாரிஸில் ஓத்தெத்தேர் குடும்பத்தார் கடைந்த குழல்களின் வழியில் வந்தவை 392 வாக்கில் ஒலிக்கின்றன. மரம் காய்ந்தால் குறுக்கே சுருங்குமே தவிர நீளவாக்கில் அதிகம் சுருங்காது, அதனால் இந்தச் சாட்சியை ஓரளவு நம்பலாம்.

அதிர்வுகளை எண்ணவும் ஒருவர் வழி கண்டார். ஜோசஃப் சோவர், 1700 வாக்கில், பாரிஸில். இரண்டு ஆர்கன் குழாய்களைச் சேர்த்து ஊதினால் ஒலி விம்மி அடங்கும். நொடிக்கு எத்தனை விம்மலோ அதுவே இரண்டின் வித்தியாசம். சுரங்களின் விகிதம் 24க்கு 25 என்று வைத்து, நொடிக்கு 4 விம்மல் கேட்டால், குழாய்கள் 96, 100. அவ்வளவுதான் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், சோவருக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்டுச் சொல்ல இசைக்கலைஞர்களை வைத்துக்கொண்டார். ஒலியியலுக்கு 'அக்கூஸ்டிக்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

சுருதியை இறக்குவது தந்தி வாத்தியங்களின் ஒலியையும் மாற்றுகிறது. அதே தந்தியில் விசை, அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 440லிருந்து 392க்கு இறங்கினால் விசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆட்டுக்குடல் தந்தி, தளர்ந்த இழுப்பு, மெல்லிய ஒலி. மூன்றாம் அங்கத்தில் அதீஸ் உறங்கும் காட்சியில் குழல்களும் வயலின் குடும்பமும் மாறிமாறி ஒலிக்க, அவற்றின் மேல் குரல் மைக் இல்லாமலே மிதப்பது அதனால்தான்.

இன்று இத்தகைய ஓபராக்களை எடுக்கும் குழுக்கள் பல 392க்கு இறங்குகின்றன. விலைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன் பரோக் இசைக்கு (17, 18ஆம் நூற்றாண்டு இசை) இப்போது 415 என்று ஒரு வழக்கம். பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்டில் விசைப்பலகையை ஒரு தந்தி அளவு நகர்த்திச் சமாளிக்கலாம், வயலினில் திருகாணியைத் தளர்த்தலாம். குழல்காரர் மட்டும் ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல் வாங்கித்தான் ஆக வேண்டும்.