பகுப்பி: பார்சருக்கு ஏற்ற தமிழ்

கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் தமிழாக்குகிறவர்களில் பலர் பார்சரை, அதாவது எழுதிய உரையை விதிப்படி துண்டுகளாகப் பிரித்தறியும் நிரலை, ‘பகுப்பாய்வி’ என்று எழுதி வருகிறார்கள். இது தவறு. பகுப்பி என்றாலே போதும்.

லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பகுதி. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்த வகை என்று மாணவனைச் சொல்லவைக்கும் பயிற்சிக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டது. கணினி அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டது. நமக்கோ நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் இருக்கிறது. ‘நடந்தனன்’ என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்து, பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பள்ளியில் எழுதினோமே, பார்சர் செய்வதும் அதேதான். விதிப்படி உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சூட்டுகிறது.

இதில் ஆய்வு எங்கே வந்தது? தரவுப் பகுப்பாய்வு, வேதியியல் பகுப்பாய்வு என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அதையே பார்சருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்க்டவுன்-இட் நல்ல உதாரணம். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதியதை வலைப்பக்க வடிவுக்கு மாற்றும் இந்த ஜாவாஸ்கிரிப்ட் பார்சரில் யார் வேண்டுமானாலும் சொந்த விதி சேர்க்கலாம். இரட்டைச் சமக்குறிகளுக்கு நடுவே ==சொல்== என்று எழுதினால் அது மஞ்சள் மை பூசியதுபோல் தெரிய வேண்டுமா? ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) எழுதி, வரிக்குள் இயங்கும் விதிகளின் வரிசையில் நமக்கு வேண்டிய இடத்தில் செருக வேண்டும். தன் முறை வரும்போது அது நிற்கும் இடத்து எழுத்தைப் பார்க்கும். சமக்குறி இல்லையென்றால் ‘பொய்’ என்று திருப்பி அனுப்பி, அடுத்த விதிக்கு வழிவிடும். இருந்தால் துண்டைக் குறித்துவைத்து, இடத்தை முன்னால் நகர்த்தி, ‘மெய்’ என்னும். அவ்வளவுதான் வேலை.

இதைப் போய் ‘பயனர் தம் பகுப்பாய்வு விதிகளைச் சேர்க்கலாம்’ என்று எழுதினால், ஏதோ புள்ளிவிவரக் கருவி போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பகுப்பு விதி’ என்றால் அந்தக் குழப்பம் வராது. தொகுப்பி (கம்பைலர்) கையேடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே ஆராயும் பகுதியான அனலைசரும் பார்சரும் ஒரே பக்கத்தில் வரும். இரண்டும் பகுப்பாய்வி என்றால் எது எது என்று எப்படித் தெரியும்?

‘பிரிப்பான்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். காற்புள்ளி போன்ற இடைக்குறிக்குத்தான் அது பொருந்தும். ‘பாகுபடுத்தி’யின் பொருளில் குறையில்லை, ஆனால் அது நீளம். பகு, பகுப்பு, பகுப்பி என்று வினையும் பெயரும் சரளமாக வருவதுபோல் அதில் வராது. கருவி என்ன செய்கிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல், அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவதால்தான் இத்தனை வம்பும். தமிழ்ச்சொல்லில் உடன்பாடு இல்லையா, சரி, பார்சர் என்றே எழுதுங்கள். பகுப்பாய்வியை மட்டும் அனலைசருக்கு விட்டுவிடுங்கள்.