கன்ட்ரோல் ரூமில் தானாக நகர்ந்த மவுஸ்

2015 டிசம்பர் 23, மாலை மூன்றரை மணி. மேற்கு உக்ரைனில் ஒரு மின்விநியோக நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து போய், ஒரு சப்-ஸ்டேஷனில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரை அணைத்தது. பணியில் இருந்தவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கணினியே அவரை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போகலாம் என்றால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. அன்று 3 மின் நிறுவனங்களில் தாக்குதல் நடந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, அதுவும் குளிர்காலத்தில்.

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மின்சாரம், வங்கி, ரயில் போன்றவற்றுக்குள் கணினி வழியாகப் புகுந்து முடக்குவதுதான் சைபர் போர். ரகசியத்தைத் திருடுவது உளவு, அது வேறு. ஆனால் இரண்டுக்கும் நுழைவழி ஒன்றுதான். அதனால் வேவு பார்க்க வந்தவன் என்றைக்கு அடிப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

உக்ரைனில் எப்படி நுழைந்தார்கள்? காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பழைய வீட்டின் முகப்பில் நின்று பாருங்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை வாசல் நிலைகள் ஒரே வரிசையில் தெரியும். வந்தவர் திண்ணையில் உட்காரலாம், ஆனால் வளவு அறைச் சாவி வீட்டாரிடம்தான் இருக்கும். மின் நிறுவனத்தில் அலுவலகக் கணினிகள் முகப்பு என்றால், பிரேக்கரை இயக்கும் கணினிகள் வளவு அறை. பல மாதங்களுக்கு முன்பே ஊழியர்களுக்கு வேர்டு கோப்புடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைத் திறந்து, கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலான மேக்ரோவை அனுமதித்ததும் வைரஸ் முகப்பில் குடியேறியது. அங்கே பொறுமையாக இருந்து பாஸ்வேர்டுகளைச் சேர்த்துக்கொண்டு அறைக்குள் போனார்கள்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினிக்குள் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே உறுதி செய்தது. அது நிர்வாக வேலைக்கான கணினி. உலையை இயக்கும் அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்பதால் ஆபத்து நேரவில்லை.

அப்படியென்றால் இன்டர்நெட் இணைப்பே இல்லாவிட்டால் நிம்மதியா? இல்லை. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலை இணையத்தோடு இணைக்கப்படாதது. ஆனாலும் ஒரு வைரஸ் அதைத் தாக்கியது. 2010-ல் வெளியே தெரியவந்த அந்த ஸ்டக்ஸ்நெட் பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. அங்கே சுழலும் மையவிலக்கு இயந்திரங்களின் வேகத்தைத் தீர்மானிக்கும் மின் அதிர்வெண் 1,064 ஹெர்ட்ஸ். அதை ஸ்டக்ஸ்நெட் 1,410 வரை ஏற்றியது, அப்புறம் 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது. இயந்திரம் தாங்குமா? இதைவிட என்னைக் கலங்க வைப்பது அதன் இன்னொரு வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடிய நேரத்து அளவுகளைப் பதிவு செய்து வைத்து, கெடுக்கும் நேரத்தில் அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டியது. பக்கத்து அறையில் இயந்திரம் உடைகிறது, திரையில் ஒரு குறையும் இல்லை. இது அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்தது என்று பரவலாக நம்பப்பட்டாலும், இரண்டுமே ஒப்புக்கொண்டதில்லை.

நாடுகளுக்கு இந்த ஆயுதம் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம். ஏவுகணை எங்கிருந்து வந்தது என்று ரேடார் காட்டிவிடும், வைரஸுக்கு அப்படி ஊர் பெயர் கிடையாது. உக்ரைன் தாக்குதலுக்காக அமெரிக்கா ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் 6 பேர்மீது குற்றம் சாட்டவே 2020 ஆகிவிட்டது. ரஷ்யா மறுத்தது. எய்த அம்பு குறியோடு நிற்பதும் இல்லை. 2017-ல் உக்ரைனைக் குறிவைத்த நாட்பெட்யா என்ற வைரஸ், மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை வந்து சரக்கு வேலையை முடக்கியது.

சரி, உக்ரைனுக்கு மின்சாரம் எப்படித் திரும்பியது? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு சப்-ஸ்டேஷன்களுக்குப் போய், பிரேக்கர்களைக் கையாலேயே போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. கையால் இயக்கும் வசதி அங்கே இன்னும் இருந்தது, இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். நம் சப்-ஸ்டேஷன்களைத் தானியங்கி ஆக்கும்போது அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடக் கூடாது. காரைக்குடியில் எலெக்ட்ரிகல் படிக்கும் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் ஒன்றாகப் போய், லைன்மேன் அண்ணன் பிரேக்கரைக் கையால் போடுவதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உக்ரைனில் தகவல் கடத்தும் கருவிகளின் உள் மென்பொருளையும் தாக்கியவர்கள் அழித்துவிட்டதால், அதன் பிறகு மாதக்கணக்கில் கையால்தான் வேலை நடந்தது.