அப்ரண்டிஸைத் திறன் போட்டிக்கு அனுப்பினால் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஐடிஐ முடித்து ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ அப்ரண்டிஸாக இருக்கும் பையன் ‘தேசிய அளவில் நடக்கும் இந்தியாஸ்கில்ஸ் திறன் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறேன், கொஞ்ச நாள் லைனிலிருந்து விடுங்கள்’ என்று கேட்டால், டார்கெட்டை யார் முடிப்பது என்றுதான் பல சூப்பர்வைசர்கள் கேட்பார்கள். ஆனால் தாங்களே ஆளைத் தேர்ந்தெடுத்து, ஒரு மெஷினை ஒதுக்கி, மெட்டீரியலும் கொடுத்து அனுப்புகிற கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் ஒன்றும் தர்மம் செய்யவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 2019-ல் திருத்தப்பட்டன. அதன்படி ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய் என்று அந்தத் திருத்தம் வைத்தது. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசு பையனின் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். ஆக, ஆள் எடுப்பது கட்டாயம், செலவும் கட்டாயம். அவனை எடுபிடி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதா, தொழில் தெரிந்தவனாக்குவதா என்பதுதான் கம்பெனி கையில் இருக்கிறது.

போட்டி அங்கேதான் உதவுகிறது. வெல்டிங் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாஸ்கில்ஸில் தேறியவர்கள் போகும் உலக அளவிலான வேர்ல்டுஸ்கில்ஸ் போட்டியில் பற்றவைத்தது பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. சோதனைத் துண்டுகளை எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அழுத்தக் கலனுக்குள் தண்ணீரைச் செலுத்திக் கசிகிறதா என்று சோதிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். போதாக்குறைக்கு, முன்கூட்டியே வெளியிடப்படும் வினாவில் சுமார் 30 சதவீதத்தைப் போட்டி நேரத்தில் மாற்றிவிடுவார்கள், அதனால் மனப்பாடமாகச் செய்து பழகியவன் மாட்டிக்கொள்வான். இதற்குத் தயாராகும் பையன் டிராயிங்கைப் படித்து, வேலையின் வரிசையைத் தானே முடிவு செய்து, நேரத்துக்குள் முடிக்கப் பழகுகிறான். லைனில் ஒரே ஜாப்பை வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் இது வராது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சீனியருக்கும் அந்த மதிப்பெண் தாள் கைக்கு வருகிறது, அடுத்த பேட்ச் அப்ரண்டிஸ்களை அதே அளவுகோலில் பார்க்கத் தொடங்கிவிடுவார். என் கணக்கில் பதக்கத்தைவிட இதுதான் பெரிய லாபம், ஸ்க்ராப்பும் (வீணாகும் துண்டுகள்) ரீவொர்க்கும் (திரும்பச் செய்யும் வேலை) குறைவது இங்கிருந்துதான்.

அப்புறம் ஆள் எடுக்கும் விஷயம். அப்ரண்டிஸ் காலம் முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் யாரை எப்படி எடுப்போம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-வது பிரிவு. அரை மணி நேர இன்டர்வியூவில் தெரியாதது, போட்டிக்குத் தயாராகும் மாதங்களில் தெரிந்துவிடும்.

‘ஜெயித்தால் வேறு கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடுமே’ என்ற பயம் உண்டு. நியாயம்தான். ஆனால் நல்ல கையுள்ளவன் போட்டிக்குப் போகாமலே போய்விடுவான், ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போதும்.

சரி, யார் போகலாம்? படிப்பைவிட வயதுதான் முக்கியம். 2026 ஷாங்காய் வேர்ல்டுஸ்கில்ஸுக்கு 2004 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும், மெகட்ரானிக்ஸ், சைபர் செக்யூரிட்டி போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் 2001 வரை சலுகை. போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதால் ஒரு தடவை தவறவிட்டால் பலருக்கு வயது தாண்டிவிடும். தமிழ்நாட்டில் மாநிலச் சுற்றைத் திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது, அதில் ஜெயித்தவர்கள்தான் இந்தியாஸ்கில்ஸுக்குப் போகிறார்கள். 2024-ல் வேர்ல்டுஸ்கில்ஸுக்காகப் பிரான்சின் லியோனுக்குப் போன இந்திய அணி நான்கு வெண்கலம் வாங்கி வந்தது.

கம்பெனியிடம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு 16-வது பிரிவின்படி முதலாளியுடையது, ஆனால் ஷிஃப்ட் முடிந்து நீங்களாக மெஷினில் நின்றீர்கள் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது. எந்த நாட்கள், எந்த மெஷின், யார் மேற்பார்வை, அந்த நாட்களுக்கு உதவித்தொகை பிடிக்கப்படுமா, படாதா என்று ஒரு தாளில் எழுதி, எச்.ஆரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.