வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி வேண்டாம். உண்டியல் மட்டும் வைக்காதீர்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பொழுதுபோக்காக வீட்டிலேயே ஐந்து கேலன் பீர் தயாரித்தார். குடியிருப்பின் பொது முற்றத்தில் வார இறுதி விருந்து. அங்கே கெக்கை, அதாவது பீர் நிரப்பிய பீப்பாயை, கொண்டுபோய் வைத்தார். மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) ஹாப்ஸும் (கசப்பு தரும் பூ) வாங்கிய செலவாவது திரும்பி வரட்டும் என்று பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அதன்மேல் ‘ஆளுக்கு 3 டாலர்’ என்று ஒரு சீட்டு. யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். வந்த அதிகாரி பீர் பக்கம் திரும்பவே இல்லை, ஜாடியைத்தான் படம் எடுத்தார். உரிமம் இல்லாமல் மது விற்றதாக எழுதினார்கள். கெக் போனது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் அவர் பல வருடங்களுக்குக் கடையிலேயே பீர் வாங்கியிருக்கலாம்.

“ஒரு வீட்டுக்கு 200 கேலன் வரை சட்டப்படி சரி என்றுதானே அண்ணா படித்தேன்” என்றார். அவர் படித்தது பொய்யில்லை. பாதி. மீதிப் பாதியை யாரும் எழுதுவதில்லை என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வரலாறு இரண்டே வரி. 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க வழி விட்டார்கள், பீருக்கு வழி விடவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைச் சரிசெய்தது. 1979 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது விதி. கூட்டாட்சி, அதாவது அமெரிக்க மத்திய அரசின், விதித்தொகுப்பின் 27ஆம் தலைப்பில் 25.205, 25.206 என்று இரண்டு பிரிவுகள். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கும், அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தன் சொந்த உபயோகத்துக்கோ குடும்பத்துக்கோ, விற்காமல், வயது வந்த எவரும் வரி கட்டாமல் பீர் தயாரிக்கலாம். வீட்டில் வயது வந்தவர் ஒருவர்தான் என்றால் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். அதாவது சுமார் 378 லிட்டர் அல்லது 757 லிட்டர். கூட்டாட்சி அரசைப் பொறுத்தவரை இதற்கு விண்ணப்பம் இல்லை, பதிவு இல்லை, கட்டணம் இல்லை. ‘வீட்டு பீர் உரிமம்’ வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படியொரு கூட்டாட்சி உரிமமே கிடையாது.

இவ்வளவுதான் என்றால் நான் எழுத வேண்டியதே இல்லை. சிக்கல் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

முதலில் வயது. விதியில் 18 என்றுதான் கண்ணில் படும். கல்லூரி மாணவர்கள் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியில், உள்ளூரில் பீர் வாங்க அதைவிட அதிக வயது வேண்டுமென்றால் அந்த வயதுதான் கணக்கு என்று இருக்கிறது. அமெரிக்கா முழுக்க அது 21. அதுவும் தயாரிப்பைத் தொடங்குவதற்கு முன்பே 21 ஆகியிருக்க வேண்டும். பாட்டிலைத் திறக்கும்போது பிறந்தநாள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காரியமில்லை. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் சாதாரண உணவுப் பொருள்கள். கடையில் வயது கேட்காமலே விற்பார்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

அடுத்தது ‘வீடு’. அளவு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரே அபார்ட்மென்டில் நான்கு நண்பர்கள் இருந்தால் ஆளுக்கு 100 வீதம் 400 கேலன் என்று பெருக்குகிறார்கள். இல்லை. நால்வருக்கும் சேர்த்து 200. பேச்சிலர் வீடுகளில் இருவர் தனித்தனியாகத் தயாரிப்பார்கள், யார் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே மாட்டார்கள். கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. போன ஆண்டு மிச்சம் வைத்ததை இந்த ஆண்டில் சேர்க்க முடியாது. குடித்த அளவும் இல்லை, தயாரித்த அளவுதான் கணக்கு. புளித்துப்போய்க் கொட்டிய பீருக்குக் கழிவு என்று விதியில் ஒரு வார்த்தை இல்லை. வழக்கமான ஐந்து கேலன் வீதம் பார்த்தால் 200 கேலன் என்பது நாற்பது முறை. பெரும்பாலானோர் அதன் அருகில்கூடப் போக மாட்டார்கள். அதனால் கூட்டாட்சி அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மாநிலத்தின் அளவைப் பார்த்து.

ஏனென்றால் அதே 25.205இல், மாநில, உள்ளூர்ச் சட்டத்துக்கு மாறாகத் தயாரிக்க இந்த வரிவிலக்கு அதிகாரம் தராது என்ற வாக்கியம் இருக்கிறது. நல்லவேளையாக அதைச் சின்ன எழுத்தில் போடவில்லை. ஆனாலும் யாரும் படிப்பதில்லை. கார்ட்டர் கையெழுத்திட்ட 1978க்குப் பிறகும் பல மாநிலங்களில் வீட்டுப் பீர் குற்றமாகவே இருந்தது. யூட்டா 2009இல், ஓக்லஹோமா 2010இல், கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் ஒப்புக்கொண்டன. கூட்டாட்சி சரியென்று சொன்னதைக் கடைசி மாநிலம் ஏற்க 35 ஆண்டுகள். அலபாமா ஒப்புக்கொண்டதும் எப்படி? மூன்று மாதத்துக்கு 15 கேலன். ஆண்டுக்கு 60. ‘200 கேலன்’ என்று இணையத்தில் படித்துவிட்டு அங்கே வேலை மாறிப் போகிறவர் மார்ச் மாதமே வரம்பைத் தாண்டியிருப்பார். அப்புறம் மது விற்பனையே இல்லாத கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) உண்டு. அலபாமாவில் அத்தகைய கவுண்டியில் குடியிருந்தால் இந்த உரிமையே இல்லை. வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம் எங்கே, கடை எங்கே என்று விசாரிப்போம். கவுண்டி எந்த வகை என்று யார் விசாரிக்கிறார்கள்?

சரி, கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கூட்டாட்சி மது, புகையிலை வரி அலுவலகத்தின் பதில்: மாநிலத்தைக் கேளுங்கள். மாநில மது அலுவலகத்தின் பதில்: நாங்கள் உரிமம் உள்ளவர்களைத்தான் பார்க்கிறோம், உங்களுக்கு உரிமம் தேவையில்லையே, கவுண்டியைக் கேளுங்கள். கவுண்டியில் எடுத்த அம்மா நல்லவர். “பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்” என்றார். யார் பெயரில் குறித்துக்கொள்ளலாம் என்று கேட்டதும் மாநிலத்தைக் கேட்கச் சொன்னார். உரிமம் தேவையில்லாத குடிமகனுக்குப் பதில் சொல்ல எந்த நாற்காலியும் இல்லை. விண்ணப்பம் போட்டிருந்தால் கோப்பு எண்ணாவது இருந்திருக்கும்.

ஆகவே போனில் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். “செய்யலாமா?” என்று கேட்டால் எவரும் பதில் சொல்ல மாட்டார்கள். “வீட்டில் தயாரித்த பீர் தொடர்பான மாநிலச் சட்டப் பிரிவின் எண் என்ன, அதில் அளவு எவ்வளவு, வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்வது பற்றி அதில் என்ன இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். பிரிவு எண்ணைச் சொல்வதில் அவர்களுக்கு ஆபத்து இல்லை, அதனால் சொல்லிவிடுவார்கள். பிறகு நீங்களே படியுங்கள். அந்தப் பதிலை அழிக்காமல் வையுங்கள்.

வெளியே எடுத்துச் செல்வதை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், அது அதிகாரிகளே தடுமாறிய இடம். கூட்டாட்சி விதி 25.206, போட்டிகள், சுவைத்தல் நிகழ்ச்சிகள், கூட்டங்கள் ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்லலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் 2010இல் ஆரிகன் மாநிலத்தில், பல காலமாக நடந்துவந்த மாநிலக் கண்காட்சி பீர் போட்டியே ரத்தானது. சட்டம் மாறவில்லை, பழைய சட்டத்தை யாரோ புதிதாகப் படித்து, வீட்டுப் பீர் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று பொருள் கண்டார்கள். அடுத்த ஆண்டு சட்டமன்றம் திருத்திய பிறகுதான் மீண்டது. பீருக்குப் பேர்போன மாநிலத்திலேயே இந்தக் கதை.

காரில் எடுத்துப் போவதாக இருந்தால் மூடி உடைக்காத பாட்டில்களாக டிக்கியில் வையுங்கள். திருகு மூடி போட்ட பெரிய ஜாடியை முன் இருக்கையில் வைத்துவிட்டு, திறந்ததா மூடியதா என்று சாலையோரத்தில் போலீஸ்காரரிடம் வாதாடுவது வீண். தபாலில் அனுப்பவே கூடாது. அது கூட்டாட்சிச் சட்டப்படி தடை. தனியார் கூரியர்களும் உரிமம் உள்ள வணிகர்களின் மதுவைத்தான் எடுக்கிறார்கள். ‘தேன் பாட்டில்’ என்று பொய் எழுதி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பீர் வழியில் வெடித்தால் பொய்யும் சேர்ந்து நாறும்.

இனி ஜாடிக்கு வருவோம். எல்லா மாநிலத்துக்கும் பொதுவான, மன்னிப்பே இல்லாத வரி இதுதான்: விற்கக்கூடாது. விற்பதற்கு முன்வருவதும் கூடாது. ஜாடியில் ஒரு டாலர்கூட விழாவிட்டாலும் சீட்டு ஒட்டிய கணமே நீங்கள் முன்வந்துவிட்டீர்கள். லாபம் இல்லை, செலவுப் பணம்தான் என்பது நமக்கு நியாயம். விதியில் லாபம் என்ற சொல்லே இல்லை. இதையே நம்மவர்கள் வேறு வேறு பெயரில் செய்கிறார்கள். நன்கொடை என்கிறார்கள். நுழைவுச் சீட்டு 20 டாலர், பீர் இலவசம் என்கிறார்கள். கோப்பை 5 டாலர், உள்ளே இருப்பது சும்மா என்கிறார்கள். அதிகாரிகள் இதையெல்லாம் நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள். பணமும் பீரும் ஒரே மேஜையில் இருந்தால் அது விற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சங்க நிதி திரட்டும் விழாவுக்கு “உன் பீரைக் கொண்டுவாயேன்” என்று யாராவது அன்பாகக் கேட்டால், அன்பாகவே மறுத்துவிடுங்கள். மாட்டினால் சங்கம் உங்களுக்காக வக்கீல் வைக்காது. விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். அபராதம் சின்னதாக இருக்கலாம், ஆனால் உங்கள் பெயரில் ஒரு வழக்கு என்பது அடுத்த ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கேள்வி.

சங்கம் என்றதும் இன்னொன்று. இந்த விலக்கு தனிமனிதர்களுக்கு. கிளப்பின் பெயரில், கம்பெனியின் பெயரில் தயாரிக்க இது உதவாது. கிளப்பில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், பீர் உங்கள் வீட்டில் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் ‘காய்ச்சுவது’ என்றே சொல்லிவிடுகிறோம். மால்ட் நீரைக் கொதிக்கவைத்து ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடுவது ஒன்று. நொதித்ததை ஆவியாக்கி வடித்துச் சாராயம் எடுப்பது வேறொன்று. சட்டத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மேலே சொன்ன விலக்கு முதலாவதற்கு மட்டும். பதிவு செய்யாத வடிகலனை வைத்திருப்பதற்கே கூட்டாட்சிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பீர் நன்றாக வந்த உற்சாகத்தில் அடுத்த படி என்று அங்கே கால் வைக்காதீர்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள். அரசு சரி என்றாலும் வீட்டுக்காரர் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். பாட்டில் வெடித்துக் கம்பளம் கறையானால் முன்பணத்தில்தான் கைவைப்பார்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். விதி கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தயாரித்த தேதி, எத்தனை கேலன், வீட்டில் வயது வந்தவர் எத்தனை பேர். அவ்வளவு போதும். அந்தத் தம்பியிடம் ஒரு கணக்கும் இல்லை, அதனால் ஐந்து கேலன்தான் தயாரித்தேன் என்பதை நிரூபிக்கக்கூட அவரிடம் ஒரு காகிதம் இல்லாமல் போனது. ஜாடியில் இருந்தது 27 டாலர்.